நான்காவது நிமிடம்

எனக்கு வாய் அதிகம், காது குறைவு. என் கணவர் வால்டர் உயிரோடிருந்தவரை வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லிவிடுவார். நான் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். அவர் சொன்னது சரிதான் என்று எனக்கு உறைக்க, கடைசியில் ஊரே வரிசையில் நின்று ஓட்டுப் போட வேண்டியிருந்தது.

விஸ்கான்சின் மாநிலத்தில் ஓல்ட் மில் என்கிற இந்த ஊருக்கு நான் தலைநகர் மேடிசனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இங்கே உயர்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். ஓய்வு பெற்றதும் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்குத் தேர்தலில் நின்று ஜெயித்து, ஐந்து வருடம் தலைவியாகவும் இருந்தேன். இத்தனை காலம் ஆகியும் ஊர்க்காரர்களுக்கு நான் மேடிசன்காரிதான். கான்ஸ்டன்ஸ் வில்லர்ட் என்று முழுப் பெயர் சொல்லித்தான் என்னைப் பற்றிப் பேசுவார்கள். அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கானி என்று என்னைக் கூப்பிட்டது இரண்டே பேர். ஒருவர் வால்டர். இன்னொருத்தி, நாலு வீடு தள்ளி இருக்கும் அர்லீன் க்ரூகர்.

தொடக்கப் பள்ளிச் சமையற்கட்டு இருபத்திரண்டு வருடமாக அர்லீனின் பொறுப்பில் இருந்தது. வால்டர் இறந்தபோது ஊரே சாப்பாட்டைக் கொண்டுவந்து குவித்தது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்பில் சுட்ட கண்ணாடித் தட்டை நீட்டுவதுதான் இங்கே துக்கம் விசாரிப்பது. தட்டு திரும்பி வர வேண்டுமே என்று அடியில் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். மற்றவர்கள் தட்டெல்லாம் பத்தே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டன. க்ரூகர் என்று எழுதிய தட்டு மட்டும் ஆறு வருடமாக அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தது. நான் அதை வெறுமனே திருப்பித் தர மாட்டேன். அவளும் என்னை வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள்.

"ஏண்டி கானி, இவ்ளோ படிச்சிருக்கே, ஒரு ஆப்பிள் கேக் ஒழுங்காச் சுட வரலயே" என்பாள், ஒவ்வொரு முறையும் அதை முழுக்கச் சாப்பிட்டு முடித்துவிட்டு.

இந்த ஊரில் யாரும் வந்த காரியத்தை வந்தவுடன் சொல்வதில்லை. பனி எத்தனை அங்குலம், மான் வேட்டை எப்படி, யாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று ஒரு மணி நேரம் ஓடும். பிறகு, "சரி, அப்ப நான் கெளம்பறேன்" என்று தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்து, கதவுப் பிடியில் கையை வைத்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். வெர்னுக்கு நெஞ்சுவலி என்று அர்லீன் என்னிடம் சொன்னது, ஒரு காலில் பூட்ஸ் மாட்டிய பிறகு. வெர்ன் அவள் கணவன். தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று அவள் சொன்னபோது இரண்டு காலிலும் மாட்டியிருந்தாள். அவளைத் திரும்ப உள்ளே இழுத்து உட்கார வைத்து, மறுநாள் காலையில் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆகவே அவள் பேசும் விதம் எனக்குத் தெரியாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

மூன்று நிமிட விதியைக் கொண்டுவந்தது நான்தான். அதற்கு முன்பு வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரம் என்றால் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவார்கள். ஒருவர் குடிதண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்று நாற்பது நிமிடம் பேசிவிட்டு, தன் கூட வந்த நாயைக் காணவில்லை என்று எங்களையே தேடவிட்டார். நான் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும் பெட்டி ஒன்றை வாங்க ஏற்பாடு செய்தேன். யாராக இருந்தாலும் மூன்று நிமிடம். சிவப்பு வந்தால் மைக்கை அணைக்கும் பொத்தான் தலைவி கையில். இதைவிட நியாயம் வேறென்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

போன வருடம் நவம்பரில், இரண்டாவது திங்கட்கிழமைக் கூட்டத்தில் சமையற்கட்டு விஷயம் வந்தது. ஊர் மருத்துவமனையில் டாக்டராக இருக்கும் எலியட் ஹார்ட்விக் எங்கள் வாரியத்தில் உறுப்பினர். நல்ல மனிதர், உண்மையிலேயே பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர். பள்ளியில் சமைப்பதை நிறுத்திவிட்டு, நகரத்திலிருந்து சத்துக் கணக்குப் பார்த்துப் பொட்டலம் கட்டிய சாப்பாட்டை வரவழைப்பது அவருடைய திட்டம். அர்லீனின் உருளைக்கிழங்குத் தட்டைத் திரையில் பெரிதாகப் போட்டு, கொழுப்பு, உப்பு என்று சிவப்பு அம்புகள் காட்டினார். அதற்கு முன்னால் மேடிசனிலிருந்து ஒரு ஆலோசகர் அம்மாள் வந்து பேசினார். தலைப்பு, ஒருவருக்கொருவர் காதுகொடுத்துக் கேட்பது எப்படி. நான் கதை கட்டுவதாக நினைக்க வேண்டாம், இது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அவர் நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். விருந்தாளி என்பதால் அவருக்கு விளக்குப் பெட்டி கிடையாது.

இந்தத் திட்டம் வருகிறது என்று நான் அர்லீனிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. அது முறையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவள் பள்ளி நோட்டீஸ் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அர்லீன் தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கையில் மடித்த காகிதம். பச்சை விளக்கு எரிந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பனில வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி. நான் அர்லீன். தெரியாதவங்களுக்கு, வெர்னோட பொண்டாட்டி." கூட்டம் சிரித்தது. "டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு, நல்லா இருந்துச்சு. என் தட்டு இவ்ளோ அழகா இருக்கும்னு எனக்கே தெரியாது. எனக்கு அம்பு விட்டெல்லாம் பேச வராது, மன்னிச்சுக்கணும்."

பிறகு அவள் பஸ் ஓட்டுநர்களுக்கு நன்றி சொன்னாள். தன் அம்மாவும் இதே அடுப்படியில் பாத்திரம் கழுவியதைச் சொன்னாள். பழைய தலைமையாசிரியர் பன்றிக்கறி ரொட்டிக்கு எப்படி அடிமை என்று சொன்னாள். ஜனங்கள் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து கேட்டார்கள். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எலியட் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அட, மஞ்சள் வந்துருச்சா. சரி, விஷயத்துக்கு வர்றேன்" என்று அவள் அப்போதுதான் காகிதத்தைப் பிரித்தாள். "காலைல ஏழு மணிக்கு மொத பஸ் வருது பாருங்க..."

சிவப்பு.

"நன்றி, மிசஸ் க்ரூகர். உங்க நேரம் முடிஞ்சுது" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல, நான் ஏதோ வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்தவள்போல. "ஒரு நிமிஷம், கா..." என்று ஆரம்பித்தாள். நான் பொத்தானை அழுத்தினேன். அதற்குப் பிறகும் சில நொடிகள் அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வரவில்லை என்று புரிந்ததும் காகிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். தோழி என்று சலுகை காட்டினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். நான் நேர்மையாக நடந்துகொண்டதாகவே அந்த நிமிடம் நினைத்தேன். வாரியத்தில் ஏழு பேரில் ஐந்து பேர் கைதூக்கி, அடுத்த கல்வியாண்டிலிருந்து என்று திட்டம் நிறைவேறியது.

சத்தமில்லாமல் அசைந்த அந்த உதடுகளை யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். மறுநாள் விடிவதற்குள் மாநிலம் முழுக்க அதைப் பார்த்துவிட்டது.

அந்தத் தட்டு அப்போது என்னிடம் இருந்தது. காலையில் ஆப்பிள் கேக் சுட்டு அதில் வைத்து எடுத்துக்கொண்டு நடந்தேன். மூன்று வீட்டைத் தாண்டியதும், அர்லீன் வீட்டு வாசலில் ராண்டி ஸ்டாட்லரின் சிவப்பு வண்டி நிற்பதைப் பார்த்தேன். ராண்டி பழைய டிராக்டர், பனிவண்டி விற்பவன். சனிக்கிழமை காலைகளில் உள்ளூர் ரேடியோவில் ஒரு மணி நேரம் எங்களை மாதிரி ஆட்களைத் திட்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. என்னிடம் படித்தவன்தான், இரண்டு முறை பெயிலாக்கியிருக்கிறேன். அந்த வண்டியைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரே ராத்திரியில் அவனோடு சேர்ந்துவிட்டாளா என்று தோன்றியது. தட்டோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

எலியட் போன் செய்தார். "நீங்க அவங்க வீட்டுப் பக்கமே போகாதீங்க. இப்ப நீங்க தும்முனாக்கூட வீடியோ எடுப்பாங்க. வக்கீலக் கேட்டுட்டேன். ஒரு அறிக்கை விட்டாப் போதும்."

அறிக்கையை அந்த ஆலோசகர் அம்மாள் எழுதிக் கொடுத்தார். சமூகத்தின் அனைத்துக் குரல்களையும் மதிக்கிறோம், நடைமுறை அனைவருக்கும் சமம் என்று அழகான ஒரு பக்கம். முப்பது வருடத் தோழிக்கு நாலு வீடு தள்ளிப் போய்ச் சொல்ல வேண்டியதை, வேறொருத்தி எழுதியதில் கையெழுத்துப் போட்டு ஊருக்கு அனுப்பினேன். அதுவும் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்திவிட்டு.

பிறகு நடந்தது எல்லாம் வேகம். வீட்டு முன் புல்வெளிகளில் அட்டைகள் முளைத்தன. நான்காவது நிமிடம் எங்களுடையது என்று சிவப்பு எழுத்தில். என்னையும் எலியட்டையும் பதவியிலிருந்து இறக்க மறுதேர்தல் வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். தீயணைப்பு நிலையத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்து நடக்கும். அங்கே ராண்டி பேசியது ரேடியோவிலும் வந்தது.

"மேடிசன்காரங்க முக்கால் மணி நேரம் பேசலாம். நம்ம புள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டவங்க மூணு நிமிஷத்துக்கு மேல வாயத் தொறக்கக் கூடாதாம். இதுல காதுகொடுத்துக் கேக்கறது எப்படின்னு நமக்குப் பாடம் வேற."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்பதால் இன்னும் எரிந்தது. பொட்டலச் சாப்பாட்டில் பூச்சியை அரைத்துப் போடப் போகிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னான். அதில் ஒரு எழுத்தும் உண்மையில்லை. நான் இந்தப் பூச்சியைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தீர்களா எப்படிப் புளுகுகிறான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு, முதலில் சொன்னதைக் கேட்காததுபோல இருந்துவிட்டேன். எலியட் வீட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒயின் கோப்பையோடு கூடினோம். "தங்களுக்கு எது நல்லதுன்னே இந்த ஜனங்களுக்குத் தெரியலயே" என்று ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஏப்ரலில் தேர்தல். நாலில் மூன்று பேர் எங்களுக்கு எதிராகப் போட்டார்கள். ஓட்டுச் சாவடியில் சீட்டுக் கொடுத்தவள் என் பழைய மாணவி. என் அடையாள அட்டையை நீண்ட நேரம் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

ராண்டி வாரியத் தலைவன் ஆனான். முதல் கூட்டத்திலேயே எலியட்டின் திட்டத்தை ரத்து செய்து, விளக்குப் பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டான், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். பிறகு பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்க வைத்திருந்த ஆலோசகரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு ஆகாத புத்தகங்கள் என்று நூலகத்தில் இரண்டு அலமாரியைப் பூட்டினார்கள். ஜூனில், வரியைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, சமையற்கட்டையும் மூடினார்கள். எலியட் சொன்னதைவிட மட்டமான பொட்டலம்தான் வந்தது.

அந்தச் செய்தியைக் கேட்டதும் என் மனதில் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இப்போதாவது அர்லீனுக்குப் புரியும் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஆனால் அவளிடம் போக எனக்குத் தைரியம் தந்ததும் அந்தக் கேவலமான சந்தோஷம்தான். அப்படியும் கிளம்ப ஐந்து மாதம் ஆயிற்று.

நவம்பர் முதல் வாரம், நடைபாதையில் மெல்லிய ஐஸ். க்ரூகர் தட்டில் ஆப்பிள் கேக்கோடு மதியம் போய்க் கதவைத் தட்டினேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். கானி என்று அவள் ஒரு தடவை கூப்பிட வேண்டும்.

"வாங்க, மிசஸ் வில்லர்ட்" என்றாள்.

முதியோர் இல்லத்துச் சமையலறைச் சீருடையில் இருந்தாள். இப்போது அங்கே மதிய வேலை. தட்டை வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்து, "ஆமா, எங்களுதுதான்" என்றாள். கேக்கை வேறொரு தட்டுக்கு மாற்றிவிட்டு, அதைக் கழுவித் துடைத்து அலமாரியில் ஏற்றி வைத்தாள். காபி ஊற்றினாள். ஐஸைப் பற்றிப் பேசினோம். வெர்ன் மான் வேட்டைக்குக் கூடாரம் சரிபார்க்கப் போயிருப்பதைப் பற்றிப் பேசினோம்.

"சமையல்கட்ட மூடிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். கஷ்டமா இருந்துச்சு" என்றேன்.

"இருந்துச்சா?"

"ராண்டி உன்னை ஏமாத்திட்டான், அர்லீன்."

"ஏமாத்தத்தான் செஞ்சான்." அவள் கோப்பையை நகர்த்தி மேஜையைத் துடைத்தாள். "ஜூன் கூட்டத்துல பதினோரு நிமிஷம் பேசினேன். கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு முழுசாக் கேட்டான். கேட்டுட்டு மூடினான். நீங்க கேக்காமலே மூடினீங்க."

அப்போதும் விடவில்லை நான். "அன்னிக்கு மறுநாளே அவன் வண்டி இங்க நின்னுச்சே" என்றேன்.

"நின்னுச்சு. 'என்ன சொல்ல வந்தீங்க அர்லீன்'னு கேட்டான். அது ஒண்ணுதான் கேட்டான். நீங்க தட்டத் தூக்கிட்டு வர்றத ஜன்னல் வழியாப் பாத்தேன். அப்பறமா வாப்பான்னு அவன அனுப்பிட்டு, ரெண்டு கப்புல காபி ஊத்தி வெச்சேன். ஒங்க காபி ஆறிப்போச்சு. சாயங்காலம் ஒங்க அறிக்கைதான் வந்துச்சு."

அடுப்புக்கு மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன சொல்ல வந்தே, அர்லீன்?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம் கழிச்சுக் கேக்கறீங்க" என்றாள். ஆனாலும் எழுந்து இழுப்பறையைத் திறந்து, நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். மதிய உணவுப் பட்டியலின் பின்பக்கம், பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்.

"காலைல ஏழு மணிக்கு மொத பஸ் வருது. அதுல வர்ற புள்ளைங்கள்ல பதினோரு பேர் நேரா அடுப்படிக்கு வருதுங்க. ரொட்டி வேகற எடம் கதகதப்பா இருக்கும்னு வருதுங்க. வீட்டுல என்ன நடக்குதுன்னு அங்கதான் சொல்லுதுங்க. டாக்டர் திட்டத்துக்கு நான் எதிரி இல்ல. மதியச் சாப்பாடு பொட்டலமா வரட்டும். காலைல அடுப்ப மட்டும் பத்தவெக்க விடுங்க. எனக்கு ஆரம்பிச்சா முடிக்கத் தெரியாது. மீதிய கானி சொல்லுவா. அவளுக்கு என்னைத் தெரியும்."

இரண்டு முறை படித்தேன். அவள் கேட்டது அவ்வளவுதான். நாங்கள் ஏழு பேரும் தயங்காமல் கொடுத்திருப்போம்.

மேற்கொண்டு என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. தோட்டத்தைப் பற்றி ஏதோ சொன்னேன், கூரையில் பனி சறுக்குவதைப் பற்றிச் சொன்னேன். முப்பத்தைந்து வருடத்தில் இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை அதுதான். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சரி, அப்ப நான் கெளம்பறேன்" என்றேன். பூட்ஸை மாட்டினேன். கதவுப் பிடியில் கை வைத்தேன். அவள் மேஜையருகே நின்றாள். வந்த காரியம் அப்போதுதான் தொண்டைக்கு வந்தது.

"அர்லீன், அன்னிக்கு அந்தப் பொத்தான நான்..."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நேரமாச்சு, மிசஸ் வில்லர்ட்" என்றாள்.

வேலைக்கு உண்மையிலேயே நேரமாகியிருந்தது, கார்ச் சாவி அவள் கையில் இருந்தது. குரலில் கோபம்கூட இல்லை. நான் இன்னும் ஒன்றிரண்டு வார்த்தை சொன்னேன் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, "ஐஸ் இருக்கு, பாத்துப் போங்க" என்று எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள். நான் வெறுங்கையோடு படியிறங்கி வீட்டுக்கு நடந்தேன்.